ஏற்றத்தாழ்வு வளர்ச்சியின் விலை அல்ல

முதலில் சிலர் பணக்காரர் ஆகட்டும், மற்றவர்கள் பின்னால் வந்து சேர்வார்கள் என்று வாதிடுவோர் முதலில் கைகாட்டும் நாடு சீனா. 1978-இல் தொடங்கிய சீர்திருத்தங்களுக்குப் பிறகு அங்கே ஏறத்தாழ 80 கோடிப் பேர் கொடிய வறுமையிலிருந்து மீண்டார்கள். இந்தச் சாதனையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால், வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி குறியீடு 1980-களின் தொடக்கத்தில் சுமார் 0.3-ஆக இருந்தது, 2008-இல் 0.49-ஐத் தொட்டுவிட்டது. நகரவாசியின் சராசரி வருமானம் கிராமவாசியின் வருமானத்தைப்போல மூன்று மடங்கைத் தாண்டியது. வளர்ச்சி வந்தால் இப்படித்தான் ஆகும் என்று இதைத் தள்ளிவிடுவது தவறு. அரசு வகுத்த விதிகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு.

அவற்றில் முக்கியமானது, 1958-இல் சட்டமான 'ஹுகோவ்' என்ற குடிப்பதிவு முறை. கிராமத்தில் பதிவான ஒருவர் ஷென்ஜென் நகரத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் உழைத்தாலும், நகரத்தின் கல்வி, மருத்துவ, ஓய்வூதிய உரிமைகள் அவருக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. அவருடைய பிள்ளை பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைப் பெரும்பாலும் பதிவுள்ள மாகாணத்தில்தான் எழுத வேண்டும். அதனால் கோடிக்கணக்கான பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் விடப்பட்டு, வசதி குறைந்த கிராமப் பள்ளிகளில் படிக்கிறார்கள். இன்றைய கூலி வேறுபாடு இப்படித்தான் அடுத்த தலைமுறையின் கல்வி வேறுபாடாகிறது.

ஏற்றத்தாழ்வு முதலில் ஏறி, பிறகு இறங்கும் என்று பொருளியலாளர் சைமன் குஸ்நெட்ஸ் 1955-இல் முன்வைத்த கருத்தைச் சிலர் பதிலாகச் சொல்வார்கள். சீனாவிலும் 2008-க்குப் பின் இடைவெளி ஓரளவு குறைந்தது உண்மையே. தொழிலாளர் தட்டுப்பாட்டால் கூலி உயர்ந்தது அதற்கு ஒரு காரணம். ஆனால் 2006-இல் விவசாய வரி ஒழிக்கப்பட்டதையும், கிராமங்களுக்கு மருத்துவக் காப்பீடும் 2009 முதல் ஓய்வூதியமும் வந்ததையும் மறந்துவிடக் கூடாது. தைவானோ 1949 முதல் 1953 வரை குத்தகைக்கு உச்சவரம்பு விதித்து, உழுதவர்களுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தது. அதன்பின் வேகமாக வளர்ந்தபோதே வருமான இடைவெளியையும் குறைத்துக் காட்டியது.

கிராமத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் எல்லோருக்கும் நகர உரிமை கொடுத்தால் நகரங்கள் தாங்காது என்பது இன்னொரு வாதம். அந்தத் தொழிலாளர்கள் ஏற்கெனவே நகரத்தில்தான் இருக்கிறார்கள். நகரத்தின் செல்வமே அவர்கள் உழைப்பில் விளைந்ததுதான். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியும் குடும்பத்துக்கு மருத்துவமும் தருவதை, வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எந்த அரசும் தள்ளிப்போடக் கூடாது. வளர்ச்சித் திட்டத்தின் முதல் செலவாக அதுவே இருக்க வேண்டும்.