தொட்டில் காலியாக இருந்தால் மட்டும் போதுமா?

அமெரிக்க உச்சநீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று, கருக்கலைப்பை அரசமைப்புச் சட்ட உரிமையாக ஏற்ற 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ரத்து செய்தது. கருக்கலைப்பை எதிர்ப்போரின் வாதங்களை எடுத்துரைத்தபோது, 'பாதுகாப்புப் புகலிடச் சட்டங்கள்' பற்றியும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. பெற்ற குழந்தையை வளர்க்க இயலாத தாய், மருத்துவமனை போன்ற இடங்களில் ஒப்படைத்துவிட்டு வழக்குக்கு அஞ்சாமல் செல்ல அச்சட்டங்கள் வழிசெய்கின்றன. 1999-இல் டெக்சாஸில் தொடங்கிய அவை, 2008-க்குள் 50 மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்துவிட்டன.

தமிழக வாசகர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. டெக்சாஸுக்கு ஏழாண்டுகள் முன்பே, 1992-இல், அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கினார். 2001-இல் அது தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது.

ஏற்பாடு ஒன்றுபோல் தோன்றினாலும் பின்னணி வேறு. அமெரிக்காவில் அது, கருவைக் கலைக்காமல் பெற்று ஒப்படைக்கலாம் என்ற வாதத்துக்குத் துணையாகிறது. பிள்ளையை ஒப்படைக்க வழியிருப்பதால், விரும்பாத கர்ப்பத்தைச் சுமக்கும் துன்பம் நீங்கிவிடாது என்பது எதிர்த்தரப்பின் பதில். இந்தியாவிலோ 1971-இலேயே கருக்கலைப்புக்குச் சட்டம் நிபந்தனைகளுடன் இடமளித்துவிட்டது. தருமபுரியில் தொட்டில் வைக்கப்பட்டது, பிறந்த பெண் சிசுவைக் கள்ளிப்பாலிலிருந்து காப்பாற்ற. ஆகவே அமெரிக்காவின் இரு அணிகளை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க முடியாது. பாலினத் தேர்வை எதிர்ப்பவர் கருக்கலைப்பு உரிமைக்கு எதிரானவர் அல்லர்.

தொட்டில் திட்டத்தை ஆதரிப்போரின் வாதம் எளிமையானது, வலிமையானதும்கூட. வரதட்சிணையும் ஆண்வழி மரபும் ஒரு தலைமுறையில் மாறிவிடா. அவை மாறும்வரை நேற்றிரவு பிறந்த குழந்தை காத்திருக்க முடியாது. உயிர் பிழைத்தால்தான் மற்ற உரிமைகளைப் பற்றிப் பேசவே முடியும்.

எதிர்ப்போரின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பெண் குழந்தையைக் கைவிடுவதை அரசே இயல்பான செயலாக்கிவிடுகிறது; 'வேண்டாமென்றால் அரசு பார்த்துக்கொள்ளும்' என்ற எண்ணம், பெற்றவர்களின் பொறுப்பையும் தாயை நெருக்கும் குடும்பத்தின் குற்றத்தையும் மறைத்துவிடுகிறது என்கிறார்கள் அவர்கள். பெற்றோரை அறியும் உரிமை, இயன்றவரை, குழந்தைக்கு உண்டு என்று ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு கூறுகிறது. பெயரின்றித் தொட்டிலில் இடப்பட்ட குழந்தைக்கு அந்த உரிமை எட்டாக்கனி.

இனி எண்களுக்கு வருவோம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தருமபுரியில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேரே இருந்தனர். 2011-இல் அந்த எண்ணிக்கை 910-ஐக் கடந்தது. இதைத் தொட்டிலின் வெற்றியாகக் காட்டுவோர் உண்டு. நான் அவ்வளவு விரைவாக அந்த முடிவுக்கு வரமாட்டேன். 2001-இல் எண்ணப்பட்டவர்கள் 1994 முதல் பிறந்தவர்கள். 2011-இல் எண்ணப்பட்டவர்கள் 2004 முதல் பிறந்தவர்கள். இடைப்பட்ட காலத்தில் வீதி நாடகங்களோடு ஊர் ஊராகச் சென்ற கலைப்பயணம், கிராம சுகாதாரச் செவிலியர்களின் கண்காணிப்பு, மகளிர் சுயஉதவிக் குழுக்கள், பெண் கல்வி எனப் பலவும் சேர்ந்தே இயங்கின. தொட்டிலின் பங்கைத் தனியே பிரித்துக் காட்டும் கணக்கு இதில் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. தொட்டிலுக்கு வரும் குழந்தைகள் குறைந்தால் மனம் மாறிவிட்டது என்று மகிழ்கிறோம். ஆனால், ஊடுகதிர்க் கருவி இல்லாமலே கருவின் பாலினத்தைக் காட்டிவிடும் ஸ்கேன், அந்தப் பெண்ணைப் பிறக்கவிடாமலே செய்திருக்கவும் கூடும். பாலினம் அறிவதைத் தடைசெய்யும் சட்டம் 1994-இலேயே இயற்றப்பட்டது. ஆயினும் கையடக்க ஸ்கேன் கருவியுடன் பாலினம் கண்டு சொல்லும் கும்பல் 2022-இலும் தருமபுரியில் பிடிபட்டது. காலியான தொட்டில் நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்பதைப் பிறப்பின்போதுள்ள பாலின விகிதத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அறிய முடியும்.

ஆகவே, தொட்டிலை எடுத்துவிட வேண்டும் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஓர் உயிரேனும் அதனால் பிழைக்கக்கூடும் என்றிருக்கும்வரை அது இருக்கட்டும். ஆனால், அதை அவசர சிகிச்சையாகக் கருத வேண்டுமே தவிர, சாதனையாகக் கொண்டாடலாகாது.

செய்ய வேண்டியவை சில உள்ளன. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என வட்டாரவாரியாகப் பிறப்புப் பாலின விகிதத்தையும், தொட்டிலுக்கு வந்த குழந்தைகளின் எண்ணிக்கையையும் ஒரே பட்டியலில் மாதந்தோறும் வெளியிட வேண்டும். குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோர் மறுபரிசீலனை செய்ய 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இரண்டு மாத அவகாசம் தருகிறது. அந்த இரண்டு மாதங்களில், தாயை வற்புறுத்துவோர் உடனில்லாமல் அவரிடம் தனியே பேசும் ஆலோசகர் தேவை. ஜெர்மனியில் 2014 முதல், தாயின் அடையாளம் முத்திரையிட்டுக் காக்கப்பட்டு, பிள்ளை 16 வயதை எட்டியதும் அதை அறிந்துகொள்ள வழி செய்யப்பட்டுள்ளது. தாயின் அச்சத்துக்கும் பிள்ளையின் உரிமைக்கும் ஒருசேர இடமளிக்கும் அந்த முறையை நாமும் ஆராயலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல்வரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆண் வாரிசின்றி, ஒன்று அல்லது இரண்டு பெண் குழந்தைகளோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர்களுக்கே வைப்புத்தொகை கிடைக்கிறது. மகன் வேண்டி மூன்றாம் முறை கருவுறும் வீட்டில் பிறக்கும் பெண்ணுக்கு அதில் இடமில்லை. மிகுந்த ஆபத்தில் இருப்பவள் அவள்தான். அவளை வீட்டிலேயே வளர்க்கத் துணைநிற்காத அரசு, தொட்டிலில் இட்டால் மட்டும் ஏந்திக்கொள்வது என்ன நியாயம்? தொட்டில் வேண்டுமா, வேண்டாமா என்று வாதிடும் இரு தரப்பினரும் சேர்ந்தே கேட்கவேண்டிய கேள்வி இது.