புறம்போக்கில் கட்டிய பொத்தான்கள்

லினக்ஸில் ஜன்னல், பொத்தான் எல்லாம் வரைந்து தரும் நூலகம் ஜிடிகே. 2011-இல் அதன் 3-ஆம் பதிப்பு வந்ததும் கிளம்பியது ஒப்பாரி: "சொந்தமாகச் செய்த விட்ஜெட்டெல்லாம் போச்சே!"

யார் உடைத்தது மக்களே? நூலகம் வெளியே நீட்டும் ஃபங்ஷன்கள் பட்டா நிலம். அதன் ஸ்ட்ரக்டுக்குள் கிடப்பது புறம்போக்கு. அங்கே கைவிட்டது யார்? பூட்டப்போகிறோம் என்று 2008-லேயே, 2.14 பதிப்பில், ஜிசீல் மேக்ரோவைப் போட்டுச் சொல்லியாயிற்று. இரண்டு வருடத்துக்கு மேல் நோட்டீஸ்! மார்த்தாண்டத்தில் ரோட்டோரம் கடை நீட்டியவருக்கு இவ்வளவு அவகாசம் யார் தருவார்?

வரைகிற விஷயத்தில் புலம்ப நியாயம் உண்டு. 2-இல் எக்ஸ்போஸ், 3-இல் டிரா, 2020-இல் வந்த 4-இல் ஸ்னாப்ஷாட். ஆனாலும் கெய்ரோவில் வரையும் வேலையைத் தனி ஃபங்ஷனாக வைத்தவர், அதைக் கூப்பிடும் இடத்தை மட்டும் மாற்றிவிட்டுத் தூங்கப் போனார். (2016-இல் 3.20 தீம்களைக் கலைத்துப் போட்டது மட்டும் சுத்த அநியாயம்.)

மாட்டுவது பில் போடும் கடைக்காரர். யாரோ அவசரத்தில் செய்த ஒரு தேதிப் பெட்டிக்காக மொத்தக் கணினியையும் பழசாகவே வைத்திருக்க வேண்டும். கம்பைல் செய்யும்போது ஜிசீல்_எனேபிள் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால், அத்தனை பிழையும் அன்றைக்கே வரிசையில் வந்து நின்றிருக்கும்.