பந்தியை மனப்பாடம் செய்ய முடியாது

நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மரக்கறிச் செய்கைக் குடியிருப்புகளிலும் இருந்து வரும் உயர்தர மாணவர் சிலருடன் சில மாதங்களாக மாலை வேளைகளில் அமர்ந்து ஆங்கிலப் பந்திகளை வாசித்து வருகின்றோம். இவர்களிற் பலர் ஒரு தடவையாவது ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்துப் பிள்ளைகள். 1977 இலும் 1983 இலும் வன்செயலுக்கு அஞ்சி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், காடு வெட்டித் தோட்டம் செய்து, பின்னர் போரில் அதையும் விட்டுவிட்டு உறவினரின் லயத்துக்கே திரும்பி வந்தோரின் பேரப்பிள்ளைகள் இருக்கின்றார்கள். மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பக்கத்தில் வீட்டை விட்டவர்களின் பிள்ளைகளும், மண்சரிவால் நிலம் இழந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கின்றார்கள். இவர்களோடு இருந்து நாம் கண்ட சிலவற்றைப் பெற்றோராகிய உங்களுக்குச் சொல்லவேண்டும் எனத் தோன்றியது.

முதலில் ஒரு தந்தையாரின் கேள்வி. கரட் மூட்டையை லொறியில் ஏற்றிவிட்டு வந்தவர் எம்மிடம் கேட்டார்: "இங்கிலீசு பாஸ் பண்ணாட்டியும் கெம்பஸ் போகலாம்தானே சேர்? பிறகு ஏன் பிள்ளைய இதுல போட்டு வதைக்கிறீங்க?"

அவர் சொன்னது சரி. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் எழுதவேண்டும். ஆனால் அதன் புள்ளி இசட் புள்ளிக்குச் சேர்வதில்லை. மூன்று பிரதான பாடங்களே கணக்கு. அது மட்டுமல்ல, மாவட்ட அடிப்படையிலும் இடம் உண்டு. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளது. ஆகவே தமிழில் நன்றாக எழுதிய பிள்ளை ஆங்கிலம் இல்லாமலே வாசல் வரை போய்விடும்.

வாசலுக்கு அப்பால் என்ன நடக்கின்றது? மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் எல்லாம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளையிடம் முதல் வாரமே நாற்பது பக்க ஆங்கிலக் குறிப்பைக் கொடுத்து வாசித்து வரச் சொல்வார்கள். நுழைவுப் பரீட்சை முடிந்துவிட்டது என்று நாம் பாற்சோறு பொங்குகின்ற நாளில்தான் உண்மையான நுழைவுப் பரீட்சை தொடங்குகின்றது. அதற்கு அனுமதி அட்டையும் இல்லை, மேற்பார்வையாளரும் இல்லை. சட்டத்துறையில் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். சட்டக்கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதி 2020 இறுதியில் வர்த்தமானியில் வந்தது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதை நிராகரித்தது. நிராகரித்தது நல்லதே. தமிழிற் படிக்கும் உரிமையை நாம் ஒருபோதும் விட்டுக்கொடுக்கக்கூடாது என்பதே எமது கருத்து. ஆனால் ஒரு வர்த்தமானித் தாளால் மூடக்கூடிய கதவு எமது பிள்ளைகளுக்கு எத்தனை உண்டு என்பதையும் அது காட்டியது.

வாசிக்கத் தெரியாமையின் விலை எமக்குப் புதிதல்ல. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எமது மக்களைப் பங்கு பிரித்தார்கள். மிஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். விண்ணப்பப் பத்திரங்களை எழுதியவர் வேறொருவர். எமது பெரியவர்கள் வைத்தது கைநாட்டு. எந்தத் தாளில் வைத்தோம் என்று அறியாமலே வைத்த கதையை இன்றும் லயத்துக்கு லயம் கேட்கலாம்.

இனி, பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகின்றார்கள் என்று பார்ப்போம். கட்டுரையும் கடிதமும் மனப்பாடம் செய்கின்றார்கள். நகரத்துப் பிரத்தியேக வகுப்புகளில் ஊகவினா என்று அச்சடித்து விற்கின்றார்கள். கடிதத்துக்கு அது ஓரளவு கைகொடுக்கும். வாசித்து விளங்கும் பந்திக்குக் கைகொடுக்காது. அந்தப் பந்தியைப் பரீட்சை மண்டபத்தில்தான் பிள்ளை முதன்முதலாகக் காண்கின்றது.

நாம் ஒரு சிறிய வசனத்தைப் பலகையில் எழுதினோம். "த மேன் ஹூ ஸோல்ட் த கவ் டு ஹிஸ் பிரதர் இஸ் ஸிக்." யாருக்குச் சுகமில்லை என்று கேட்டோம். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் "தம்பிக்கு" என்றார்கள். ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்குத் தெரியும். சொல் தெரியாமல் பிழைக்கவில்லை. தமிழில் நாம் "தம்பிக்கு மாட்டை விற்ற ஆள்" என்று விவரத்தை முன்னே சொல்லி, ஆளைப் பின்னே வைக்கின்றோம். ஆங்கிலம் ஆளை முதலில் நிறுத்திவிட்டு விவரத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகின்றது. பிள்ளை வால்பக்கத்தைப் பிடித்துக்கொள்கின்றது: 'பிரதர் இஸ் ஸிக்'. இதை ஒரு பிள்ளைக்கு யாராவது ஒருமுறை சொல்லித்தந்திருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. (விடை சொன்ன பின்பும் ஒரு மாணவி விடவில்லை. சுகமில்லாதவன் மருந்துச் செலவுக்குத்தான் மாட்டை விற்றிருப்பான் என்றாள். வசனத்தில் அது இல்லை. ஆனாலும் அவள் யோசித்தாள், அது எமக்குப் பிடித்தது.)

இதைப் போலவே 'அன்லெஸ்', 'ஆல்தோ', 'நொட் அன்டில்' போன்ற சிறு சொற்கள். பெரிய சொற்களை அகராதியில் தேடும் பிள்ளை இவற்றைத் தாண்டி ஓடிவிடுகின்றது. பந்தியின் திசையையே திருப்புவது இவைதான். 'இட்', 'தே' என்று வரும் இடமெல்லாம் பென்சிலால் ஒரு கோடிட்டு, அது யாரைக் குறிக்கின்றது என்று முன்னுள்ள சொல்லுடன் இணைக்கச் சொன்னோம். மூன்று வாரத்தில் மாற்றம் தெரிந்தது. கேள்விகளை முதலில் வாசித்துவிட்டுப் பந்திக்குப் போகவும், விடையை எந்த வரியில் கண்டோம் என்று விரலால் காட்டவும் பழக்கினோம். விரல் வைக்க வரி இல்லாவிட்டால் அது ஊகம்.

இடம்பெயர்ந்த பிள்ளைகளிடம் இன்னொன்றும் கண்டோம். மூன்றாம், நான்காம் வகுப்புக் காலத்தில் ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ பள்ளிக்கூடம் தவறியிருக்கின்றது. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுவது அந்த வயதில்தான். அந்த ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. மேலே வகுப்புகளை அடுக்கிவிட்டார்கள். இப்போது உயர்தரத்தில் இருக்கும் பெரிய பிள்ளை சத்தமாக வாசிக்க வெட்கப்படுகின்றது. வீட்டில் "மக்கு" என்று ஏசாதீர்கள். தனியே ஒரு மூலையில், முணுமுணுத்தாவது, தினமும் அரை மணி நேரம் வாசிக்க விடுங்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்கின்றோம். விறகுக்கும் தண்ணீருக்கும் தம்பி தங்கையைப் பார்ப்பதற்கும் அவளையே கூப்பிடுகின்றோம். அண்ணன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளைப் புத்தகத்திலிருந்து எழுப்புவது நியாயமா?

வாசிக்கப் புத்தகம் இல்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் மும்மொழித் தாள்கள் எம்மைச் சுற்றி நிறைய உண்டு. நானுஓயா நிலையத்துப் பெயர்ப்பலகையே மூன்று மொழியில் உள்ளது. கிருமிநாசினி லேபலிலும், அரசாங்க அறிவித்தல்களிலும், சில படிவங்களிலும் அதே செய்தி தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே இருக்கும். முதலில் ஆங்கிலத்தை வாசித்து, என்ன சொல்கின்றது என்று எழுதி, பின்பு தமிழைப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். விடைத்தாளுடன் வரும் பயிற்சி இது, காசும் இல்லை. மருந்து அடித்த எத்தனை நாளைக்குப் பின் லீக்ஸ் பிடுங்கலாம் என்பதும் அதே லேபலில்தான் இருக்கின்றது. வீட்டில் எத்தனை பேர் அதை வாசித்திருக்கின்றோம்? (லேபலைக் கடையில் வைத்து வாசிக்கட்டும், வெற்றுப் போத்தலைப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம்.)

ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றிப் பேசாமல் விடமுடியாது. பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜெர்மன் உதவியுடன் எழுந்தது மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் வேண்டும் என்பதற்காகவே. அங்கு ஆங்கில நெறிக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு ஆங்கிலப் பெறுபேறு வேண்டும். எமது பிள்ளைகள் அதைப் பெறாததால் வெளியிலிருந்து ஆசிரியர் வருகின்றார், இரண்டு வருடத்தில் இடமாற்றம் வாங்கிப் போகின்றார், மறுபடியும் வகுப்பு வெறுமையாகின்றது. எமது லயத்துப் பிள்ளையே ஆங்கில ஆசிரியராக வந்தால் மாலையில் வீட்டுக்குப் போக அதிக தூரம் இராது.

லீக்ஸ் பிடுங்கும் நாட்களில் பிள்ளைகள் வகுப்புக்கு வருவது பாதியாகக் குறைகின்றது. கூலிக்கு ஆள் பிடிக்கக் காசில்லை என்பதை அறிவோம். ஆகவே அந்த வாரங்களில் வகுப்பை இரவு ஏழு மணிக்கு மாற்றியிருக்கின்றோம். பிள்ளையைக் கூட்டிவந்து கூட்டிப்போக வீட்டிலிருந்து ஒருவர் டோர்ச் லைட்டுடன் வந்தால் போதும். வருகிறவரும் பின்வாங்கில் உட்கார்ந்து கேட்கலாம். சென்ற வாரம் இரண்டு அம்மாமார் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.