இலை உதிராத இலையுதிர் காலம்

அக்டோபர் பிறந்தால் போதும், இணையம் முழுக்க ஒரே ஆரஞ்சு நிறம். பரங்கிக்காய் குடைகிறார்கள். ஆப்பிளைக் காய்ச்சி பாட்டிலில் அடைக்கிறார்கள். மூலிகைகளைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதற்கு அர்த்தமும் இருக்கிறது. அடுத்த சில மாதங்கள் குளிரில் பெரிதாக எதுவும் விளையாது. அதனால் விளைந்ததை உலர்த்தி, அடைத்து, சேமித்து வைக்கிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு எங்கள் விடுதியிலும் இரண்டு பேர் துளசியையும் புதினாவையும் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டார்கள். (யார் என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும், பெயர் வேண்டாம்!) நாலாம் நாள் பூஞ்சை பிடித்துவிட்டது. வெளியே வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும்போது எது உலரும்?

தமிழ்நாட்டின் ஓராண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை உள்ள மூன்று மாதங்களில் பெய்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த காலத்துக்கு நம் இலக்கண நூல்கள் கூதிர் என்று பெயர் வைத்திருக்கின்றன. இலையுதிர் காலம் என்று பாடப்புத்தகத்தில் படித்தாலும், நம் காட்டு மரங்கள் இலை உதிர்ப்பது தை, மாசி, பங்குனியில்தான். வத்தல், வடகம், மிளகாய் என்று உலர்த்தும் வேலை எல்லாம் கோடை வெயிலோடு முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு வேறு வேலைகள் இருக்கின்றன. முளைக்கப் போடுவது, கிளறுவது, காய்ச்சுவது, தீ கொளுத்துவது, தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது.

இந்த வேலைகளைப் பற்றி நம்மிடம் பெருமை நிறைய இருக்கிறது, பழக்கம் குறைந்துகொண்டே வருகிறது. "நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களில் எத்தனை பேர் ஒரு பனங்கொட்டையையாவது புதைத்திருக்கிறார்கள்? இவற்றை எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டும், அளவோடும் எல்லையோடும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பனை. நான் விழுப்புரம் பக்கம், எனவே பனையில் தொடங்காவிட்டால் ஊருக்குள் விட மாட்டார்கள்!

பனம்பழம் ஆவணி, புரட்டாசியில் விழும். ஒரு பழத்தில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று கொட்டைகள் இருக்கும். சதையைச் சாப்பிட்டது போக மிஞ்சும் கொட்டைகளை, மணல் கலந்த மண்ணை மேடாகக் கூட்டி அதன் மேல் நெருக்கமாக அடுக்கி, மண் போட்டு மூடிவிட வேண்டும். அப்புறம் எல்லாம் மழையின் பொறுப்பு. மேடு எதற்கு என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. பனையின் முளை முதலில் மேலே வராது, கீழே இறங்கும். கீழே மண் இளகலாக இருந்தால் கிழங்கு நேராக நீளும், பிடுங்கும்போது உடையாது. பொங்கல் நேரத்தில் தோண்டினால் பனங்கிழங்கு ரெடி. மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்தால் போதும். அந்தக் கொட்டையை வெட்டிப் பார்த்தால் உள்ளே பஞ்சு மாதிரி இனிப்பாக இருக்குமே, அது தவுன். யாழ்ப்பாணத்தில் இதே கிழங்கைக் கிழித்துக் காயவைத்து ஒடியல் ஆக்குகிறார்கள். அதை மாவாக்கிக் கூழும் காய்ச்சுகிறார்கள்.

செலவு? ஒரு பைசா கிடையாது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் வேண்டாம். மூன்று மாதம் பொறுமை மட்டும் வேண்டும். கொட்டைகளில் பத்தை மட்டும் கிழங்குக்குப் போடாமல் ஏரிக்கரையில் ஊன்றிவிட்டு வந்தால் இன்னும் நல்லது. 2021-ல் தமிழக அரசு போட்ட முதல் வேளாண் பட்ஜெட்டில் பனை விதை நடும் திட்டம் வந்தது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பும் அதில் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் பனை பூக்கவே பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆண் மரமா பெண் மரமா என்பதே அப்போதுதான் தெரியும். அத்தனை வருடம் காத்திருக்கும் மரத்தை அரசு உத்தரவு மட்டும் காப்பாற்றாது. அதனால் பயன் உள்ளவர்கள்தான் காப்பாற்றுவார்கள்.

அடுத்தது மாவலி. கார்த்திகை தீபத்தன்று சுற்றுவது. காய்ந்த ஆண் பனம்பூவைக் குழியில் போட்டு எரித்து, முழுக்கச் சாம்பல் ஆவதற்கு முன் மூடி அணைத்தால் கரி கிடைக்கும். அதை மையாக இடித்து, பருத்தித் துணியில் இறுக்கிச் சுருட்டிக் கட்டி, பிளந்த பனை மட்டைகளுக்கு நடுவே வைத்துக் கயிறு கட்ட வேண்டும். நுனியில் நெருப்பு வைத்துச் சுற்றினால், சுற்றச் சுற்றக் காற்று பட்டுக் கனன்று, பொறிகள் வட்டமாகக் கொட்டும். வெடிச் சத்தம் கிடையாது, ரசாயனம் கிடையாது. (கூரை வீட்டுப் பக்கம் வேண்டாம். நைலான் சட்டை போட்டுக்கொண்டு வேண்டவே வேண்டாம். கூட ஒரு பெரியவர் இருக்கட்டும்.) கரி ஈரமாக இருந்தால் பொறி வராது, துணி தளர்வாக இருந்தால் மொத்தமாக எரிந்துவிடும். இதை நூறு வீடியோ பார்த்தாலும் கை கற்றுக்கொள்ளாது.

மூன்றாவது, தீபாவளி லேகியம். எங்கள் வீட்டில் ஆயா (அப்பாவின் அம்மா) செய்வார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், தனியா எல்லாவற்றையும் இடித்து, ஊறவைத்து, அரைத்து, அந்த விழுதை வேகவிட்டு, வெல்லம் சேர்த்துக் கிளறி, நெய்யும் நல்லெண்ணெயும் விட்டு, உருண்டு திரண்டு எண்ணெய் பிரியும்போது இறக்குவார். ஆறியதும் தேன். எண்ணெய்ப் பலகாரத்தை அளவில்லாமல் உள்ளே தள்ளும் நாளில் வயிறு மந்தமாகாமல் இருக்க ஒரு நெல்லிக்காய் அளவு. லேகியத்திடம் கேட்பது அவ்வளவுதான்.

ஆயாவிடம் அளவு கேட்டால் "ஒரு கைப்பிடி", "கொஞ்சம்", "கண்ணு பார்த்துப் போடு" என்றுதான் பதில் வரும். சென்ற தீபாவளிக்கு அவர் அள்ளிப் போட்ட ஒவ்வொன்றையும் நான் தராசில் வைத்து எழுதிக்கொண்டேன். தனியா ஒரு கைப்பிடி என்றால் அவர் கையில் 18 கிராம். மூன்று முறை அள்ளச் சொன்னேன், ஒன்றிரண்டு கிராம்தான் வித்தியாசம். என் கைப்பிடி 26! அவருக்குப் பிறகு "ஒரு கைப்பிடி" என்ற குறிப்பை வைத்துக்கொண்டு நான் கிளறினால் அது வேறு பண்டம். அவருடைய கைதான் அந்தக் குறிப்பு. எழுதி வைக்காவிட்டால் அது அவரோடு போய்விடும்.

இங்கேதான் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிரசம், முறுக்கு, சுழியம் எல்லாம் முடித்து இடுப்பு ஒடிந்த பிறகு, அந்த ராத்திரியிலேயே லேகியமும் கிளறுவது வீட்டில் யார்? ஆயாவும் அம்மாவும்தான். அப்பாவும் நானும் காலையில் உள்ளங்கையை நீட்டுவோம். "பாரம்பரியம் அழிகிறது" என்று மேடையில் கண்ணீர் விடும் ஆண்கள் கரண்டியைப் பிடித்தால் பாதிப் பாரம்பரியம் பிழைத்துக்கொள்ளும். ஒரு வேலை ஒருத்தர் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தால், அவர் எப்போது விடுபடலாம் என்றுதான் பார்ப்பார். கடையில் டப்பா லேகியம் வாங்கும் அம்மாக்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி விவகாரமான பகுதி. மூலிகை.

மழைக்காலத்தில் நம் வீடுகளில் கற்பூரவல்லி, துளசி, தூதுவளை, ஆடாதோடை எல்லாம் வெளியே வரும். சளிக்குத் தூதுவளை ரசம் வைப்பதிலோ கற்பூரவல்லி பஜ்ஜி போடுவதிலோ எந்தப் பிரச்சினையும் இல்லை. கற்பூரவல்லித் தண்டு ஒன்றை ஒடித்து இந்த மழையில் ஊன்றிப் பாருங்கள், தானே பிடித்துக்கொள்ளும். ஆனால் மூலிகை என்றால் பக்கவிளைவே இல்லை என்கிறார்களே, அது பொய். ஆடாதோடையையே எடுத்துக்கொள்வோம். இருமல் மருந்துகளில் இருக்கும் புரோம்ஹெக்சின், ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்து உருவானதுதான். பெருமைப்படலாம். ஆனால் அதே வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கும், அதனால் கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தொடக்கூடாது. வேலை செய்யும் மருந்து என்றால் தீங்கும் செய்யக்கூடியதுதான். தேன் இன்னொரு உதாரணம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதைகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். "தேனில் குழைத்து நாக்கில் தடவுங்கள்" என்று வரும் செய்தியில் இந்த வரி இருக்காது.

அப்புறம் டெங்கு. 2012-ல் டெங்கு பரவியபோது தமிழக அரசே நிலவேம்புக் குடிநீரையும் பப்பாளி இலைச் சாற்றையும் பரிந்துரைத்தது. நிலவேம்புக் குடிநீர் என்பது நிலவேம்பு மட்டுமே அல்ல. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று மொத்தம் 9 சரக்கு. வாசலில் முளைத்த ஏதோ ஒரு கசப்புச் செடியைக் காய்ச்சிவிட்டு அதே பெயரைச் சொல்வது சித்த மருத்துவத்துக்குச் செய்யும் மரியாதை இல்லை. பப்பாளி இலையால் ரத்தத் தட்டணுக்கள் சற்று சீக்கிரம் ஏறியதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. அது உயிரைக் காப்பாற்றும் என்று இதுவரை நிறுவப்படவில்லை. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுவதால் வருகிறது. அதுவும் காய்ச்சல் குறையும் நேரத்தில். "கஷாயம் குடித்தான், காய்ச்சல் விட்டுவிட்டது" என்று வீடு நிம்மதியாகும் அந்த நாளில்தான் கண் விழித்துப் பார்க்க வேண்டும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மிகுந்த சோர்வு, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் வேண்டாம், பாராசிட்டமால்தான்.

எங்கள் விடுதியில் ஒரு ஜூனியர் பையன் நாலு நாள் அறையிலேயே கஷாயம் குடித்துக்கொண்டு கிடந்தான். காய்ச்சல் விட்ட அன்று எழுந்து நிற்க முடியவில்லை. பக்கத்து அறைக்காரர்கள் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தான். அவன் கஷாயம் குடித்ததை யாரும் தப்பு சொல்லவில்லை. கஷாயம் இருக்கிறது என்று நாலு நாள் காத்திருந்ததுதான் தப்பு.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவன் அறை வாசலில் நாலு தொட்டி துளசி. நாலு தொட்டிக்கும் அடியில் தட்டு. தட்டு நிறையத் தெளிந்த மழைத் தண்ணீர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல பிரசவ ஆஸ்பத்திரி கிடையாது! முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தட்டு, டிரம், பழைய டயர், ஆட்டுக்கல், தேங்காய் ஓடு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டால் கொசு கொசுவாவதற்கு முன் கதை முடிந்தது. கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

என்னைக் கேட்டால் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் செய்யக்கூடிய ஆகச்சிறந்த மருத்துவம் இந்தத் தேய்த்துக் கழுவுவதுதான். ஆனால் இதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. இதில் ரகசியம் இல்லை, ரிஷி இல்லை, "வெள்ளைக்காரன் மறைத்த உண்மை" இல்லை. வெறும் தேங்காய் நார்தான்.

"அந்தக் காலத்தில் எல்லாரும் நோயில்லாமல் நூறு வயது வாழ்ந்தார்கள்" என்று யாராவது வருவார்கள், தெரியும். 1947-ல் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. அதற்குப் பெரிய காரணம் சின்னக் குழந்தைகளின் மரணம். பிழைத்துக் கிழவரானவர்களைத்தான் நம் தாத்தாக்கள் பார்த்திருக்கிறார்கள், பிழைக்காதவர்கள் கதை சொல்ல வரவில்லை. மறுபக்கம், "இதெல்லாம் வேலையத்த வேலை, ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வரும்" என்கிறவர்களும் உண்டு. வரும்தான். ஆனால் ஒரு கிழங்கு ஏன் கீழே இறங்குகிறது, ஒரு பாகு எப்போது திரள்கிறது, ஒரு செடியை இன்னொன்றிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்பதெல்லாம் பார்சலில் வருவதில்லை. கையால் செய்தவனுக்கு எது முடியும், எது முடியாது என்பதும் சேர்ந்தே தெரியும். ஒரு வேர் எல்லா நோயையும் தீர்க்கும் என்று வரும் செய்தியைப் பார்த்து முதலில் சிரிப்பவன் அவன்தான்.

எனவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். முதலில் மொட்டை மாடிக்குப் போய்த் தேங்கியிருப்பதை எல்லாம் கொட்டித் தேய்த்துவிட்டு வாருங்கள். பிறகு வீட்டில் இருக்கும் பெரியவரிடம் உட்கார்ந்து ஒரே ஒரு செய்முறையை, கிராம் கணக்கோடு எழுதி வாங்குங்கள். கிளறும்போது கரண்டி உங்கள் கையில் இருக்கட்டும். பனங்கொட்டை கிடைத்தால் இன்னும் விசேஷம். தை மாதம் கிழங்கு தோண்டும்போது எனக்கும் இரண்டு எடுத்து வையுங்கள், செமஸ்டர் முடிந்து வருகிறேன்.