சனிக்கிழமைத் தண்டனையும் ஆயிரஞ்சொற் கட்டுரையும்

பதின்ம வயதினரைப் பற்றிய நகைச்சுவைத் திரைப்படம் என்றாலே பெற்றோர் பலர் முகஞ்சுளிப்பர். ஆசிரியர்களாகிய நமக்கோ கூடுதலாக ஒரு மனத்தாங்கல் உண்டு. அத்தகைய படங்களில் நகைப்புக்கு ஆளாகும் ஆசிரியர் ஒருவர் தவறாமல் இடம்பெறுவார். ஆயினும், அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர் ஜான் ஹியூஸின் படங்களை நாம் பார்த்தே ஆகவேண்டும் என்பது என் துணிபு.

1950இல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த ஹியூஸ், சிகாகோவில் விளம்பர வாசகங்கள் எழுதினார். 'நேஷனல் லாம்பூன்' என்னும் அங்கத இதழில் எழுதினார். பின்னரே திரைக்கதைக்கு வந்தார். 1984 முதல் 1987 வரையிலான நான்கே ஆண்டுகளில் பதின்ம வயதினரைப் பற்றி ஆறு படங்களை எழுதி, அவற்றுள் நான்கினைத் தாமே இயக்கினார். நம் பிள்ளைகள் நன்கறிந்த 'ஹோம் அலோன்' (1990) படத்தை எழுதியவரும் அவரே. 2009 ஆகஸ்ட்டில் தம் 59ஆம் அகவையில் மாரடைப்பால் மறைந்தார்.

நிற்க. அவருடைய படங்களுள் ஆசிரியர்க்கு இன்றியமையாதது 'தி பிரேக்ஃபஸ்ட் கிளப்' (1985). சனிக்கிழமையன்று ஐந்து மாணவர்கள் தண்டனையாகப் பள்ளி நூலகத்தில் அமர்த்தப்படுகின்றனர். தாம் யார் என்று ஆயிரம் சொற்களுக்குக் குறையாமல் கட்டுரை எழுதுமாறு துணைமுதல்வர் பணிக்கிறார். கதை அவ்வளவே. துரத்தலும் சண்டையும் பெரிதாக இல்லை. பிள்ளைகள் பேசுகிறார்கள், நாம் கேட்கிறோம்.

அவர்களுள் பிரையன் நன்கு படிக்கும் மாணவன். கைவினைப் பாடத்தில் அவன் செய்த விளக்கு எரியவில்லை, தேர்ச்சியும் கிட்டவில்லை. அந்த ஒரு பாடத்திற்காக அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு எரிசுடர்த் துப்பாக்கியைப் பள்ளிக்குக் கொண்டுவந்திருக்கிறான் என்பது படத்தின் பிற்பகுதியில்தான் தெரியவருகிறது. அத்துப்பாக்கி அவனது பேழைக்குள்ளேயே வெடித்துவிட்டதைக் கேட்டு மற்றவர்கள் சிரித்துவிடுகின்றனர். சற்று நேரத்தில் அவனும் சிரிக்கிறான். நகைச்சுவை எழுத்தாளர் ஒருவர் இதனை இவ்வளவு துணிவாகவும் பரிவாகவும் எழுதியிருப்பதே அவருடைய மெய்யான கொடை என்பேன். தேர்ச்சி அறிக்கையில் சிவப்பு மையைக் கண்டவுடன் நாம் கடிந்துகொள்வது எப்போதும் 'கெட்டிக்காரப்' பிள்ளையைத்தான். அவன் தாங்கிக்கொள்வான் என்று நாமாகவே கருதிக்கொள்கிறோம்.

'ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்' (1986) படத்தில் வரும் பொருளியல் ஆசிரியரையும் குறிப்பிட வேண்டும். ஏற்ற இறக்கமற்ற குரலில் வினாவைத் தொடுத்து, எவரும் வாய்திறவாமையால் தாமே விடையும் கூறிச் செல்வார். சிரிப்பு வரும். பிறகு நம் வகுப்பறை நினைவுக்கு வரும், சிரிப்பு நின்றுவிடும்!

இனி, மறைக்கக் கூடாத குறைகள். 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' (1984) படத்தில் லாங் டக் டாங் என்னும் ஆசிய மாணவன் வெறும் கேலிப்பொருளாகவே வருகிறான். அவன் தோன்றும்போது சேகண்டி ஒலிக்கும். வெள்ளையரல்லாத பிள்ளையின் மனத்தை ஹியூஸின் பேனா அறிய முயலவில்லை. பெண்பிள்ளைகளிடம் ஆண்பிள்ளைகள் வரம்பு மீறுவதும் அப்படங்களில் வேடிக்கையாகக் காட்டப்படுகிறது. அவற்றில் நடித்துப் புகழ்பெற்ற மோலி ரிங்வால்டே 2018இல் 'நியூ யார்க்கர்' இதழில் இதுகுறித்து எழுதினார். பழிக்கவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை. தம் மகளோடு அமர்ந்து மீண்டும் பார்த்தபின் நெஞ்சில் எழுந்த நெருடலை நேர்மையாகப் பதிவுசெய்தார்.

அவர் செய்ததையே நாமும் செய்யலாம். படத்தை ஒளித்துவைப்பதால் பயனில்லை; பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துவிடுவர். வசைச்சொற்கள் மிகுதியாதலால் அமெரிக்காவிலேயே 'தி பிரேக்ஃபஸ்ட் கிளப்' பதினேழு அகவைக்குக் குறைந்தோர் பெரியவர் துணையுடன் பார்க்க வேண்டிய படமாகத்தான் வகைப்படுத்தப்பட்டது. அந்தத் துணையாக நாம் அமர்வோம். பார்த்து முடித்தவுடன் அறிவுரையைத் தொடங்காதீர்கள். சேகண்டி ஒலித்தபோது உனக்கு எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள்.

பெற்றோர்க்கு இன்னொன்று. 'தி பிரேக்ஃபஸ்ட் கிளப்' படத்தில் பெற்றோர் வருவது காரில் பிள்ளைகளை இறக்கிவிடும் போதும் ஏற்றிச்செல்லும் போதும் மட்டுமே. அலிசன் என்னும் பெண் காரிலிருந்து இறங்கி, ஏதோ சொல்ல விழைந்து திரும்பி வருகிறாள். அதற்குள் கார் நகர்ந்துவிடுகிறது. சில நொடிகளே நீளும் அக்காட்சியை இருமுறை பாருங்கள்.