எழுபது பங்கு யாருக்கு?

வீட்டு வரி கட்டிய ரசீது கைவசம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். வரித் தொகையோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகையும் அதில் இருக்கும். வரி ரூபாய் ஒன்றுக்குப் பத்துப் பைசா. 1948ல் அன்றைய சென்னை ராஜ்யத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு இது. வாடகைக்குக் குடியிருக்கும் தொழிலாளிக்கு ரசீது வராது. ஆனால் வரி, வாடகைக்குள் ஒளிந்துகொண்டு அவர் வீட்டுக்கும் வரத்தான் செய்கிறது.

சொத்து வரியின் தலையில் ஒரு சிறு கூடுதல் வரியை வைத்து, அதை ஒரு பொதுக் காரியத்துக்கென்றே ஒதுக்கிவிடும் இந்த முறை நமக்குப் பழகியதுதான். இதே முறையில் ஏழைகளுக்கு வீடு கட்டவும், விளையாட்டு மைதானம் அமைக்கவும், பழைய கட்டடங்களைக் காக்கவும் ஒரு ராஜ்யம் பணம் திரட்டி வருகிறது. அமெரிக்காவில் உள்ள மாஸச்சூஸெட்ஸ்தான் அது.

அமெரிக்கா சமாசாரம் நமக்கெதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். மில் தொழிலாளிக்கு அந்த மண் அந்நியமல்ல. அங்குள்ள லோவெல் நகரத்தில் 1836ல் மில் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எதற்காக? கம்பெனி விடுதிகளில் தங்கிச் சாப்பிடும் கட்டணத்தை முதலாளிகள் உயர்த்தியதற்காக. கூலியில் கை வைக்காமலே கூலியைப் பறிக்கும் வித்தை அது. நம் நாட்டு லயங்களிலும் மில் லைன் வீடுகளிலும் நாம் பார்க்காததா? அதே ராஜ்யத்தில் லாரன்ஸ் நகரத்தில், 1912ல் வேலை வாரம் 56 மணியிலிருந்து 54 மணியாகச் சட்டப்படி குறைந்தபோது, முதலாளிகள் கூலியையும் கூடவே வெட்டினார்கள். பல தேசங்களிலிருந்து வந்த, ஒருவர் பாஷை இன்னொருவருக்குப் புரியாத தொழிலாளர்கள் ஜனவரியில் வெளியேறி, மார்ச்சில் கூலி உயர்வோடு உள்ளே போனார்கள். வீடும் கூலியும் ஒரே போராட்டம் என்று அந்த ஊர்கள் நமக்கு முன்பே கண்டுகொண்டன.

இனி சட்டத்துக்கு வருவோம். 2000ம் ஆண்டு செப்டம்பரில் அங்கே 'கம்யூனிட்டி பிரிசர்வேஷன் ஆக்ட்' நிறைவேறியது; ஊரைப் பேணும் சட்டம் என்று சொல்லலாம். எந்த ஊரின் மீதும் அது தானாகப் பாயாது. ஊர் ஜனங்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்டால்தான் அங்கே அமலாகும். ஏற்றுக்கொண்ட ஊரில், சொத்து வரியின் மேல் நூற்றுக்கு மூன்று வரை கூடுதல் வரி போடலாம். சொத்தின் மதிப்பில் மூன்றல்ல, வரியில் மூன்று. நாலாயிரம் டாலர் வரி கட்டும் வீட்டுக்குச் சலுகை ஏதுமின்றிக் கணக்கிட்டாலும் 120 டாலர்தான். ஊர் விரும்பினால், குடியிருக்கும் சொத்தின் மதிப்பில் முதல் ஒரு லட்சம் டாலரை விட்டுவிட்டுக் கணக்கிடலாம். குறைந்த வருமானக்காரர்களுக்கு விலக்கும் கொடுக்கலாம். இவை நல்ல அம்சங்கள். பெரிய மாளிகை அதிகமாகக் கட்டும், சிறு வீடு குறைவாகக் கட்டும் அல்லது கட்டாமலே போகும். உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி போட்டே பழகிய ஆட்சிகளை அறிந்த நாம் இதைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. வியாபார, தொழிற்சாலைச் சொத்துக்களுக்கு வேறு விகிதத்தில் வரி போடும் ஊர்கள், விரும்பினால் அச்சொத்துக்களை இந்தக் கூடுதல் வரியிலிருந்து அடியோடு விலக்கிவிடலாம். வீடு கட்டும், ஆலை தப்பும்!

வசூலான பணத்தில் ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கு திறந்த வெளிக்கும் விளையாட்டுக்கும், ஒரு பங்கு பழைய சின்னங்களைக் காப்பதற்கும், ஒரு பங்கு வீட்டு வசதிக்கும் போக வேண்டும். ஆக முப்பது பங்கு சட்டத்தால் கட்டப்பட்டது. நிர்வாகச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும் சிறு தொகை போக, மிச்சமுள்ள எழுபது பங்கை இந்தக் காரியங்களில் எதற்கு வேண்டுமானாலும் ஊர் செலவிடலாம். விஷயமே இந்த எழுபதில்தான் இருக்கிறது.

கேம்பிரிட்ஜ் நகரம் 2001ல் சட்டத்தை ஏற்று, முழு மூன்று சதவிகிதத்தையும் போட்டது. ஆண்டுக்கு ஆண்டு, வந்த பணத்தில் எண்பது பங்கை வீட்டு வசதிக்கு ஒதுக்கி, மற்ற இரண்டுக்கும் பத்துப் பத்தாகப் பிரித்தது. அங்கே குடியிருப்போர் சங்கங்களும் வீட்டு வசதி இயக்கங்களும் விழித்திருந்தன. பணக்காரப் புறநகர்கள் பலவற்றில் கதை வேறு. அங்கே எழுபது பங்கு காடும் புல்வெளியும் வாங்கப் போயிற்று. காடு நல்லதுதான், அதை எதிர்ப்பவர்கள் அல்ல நாம். ஆனால் பணக்காரர் வீட்டுக்குப் பக்கத்து நிலத்தை 'திறந்த வெளி' என்று என்றைக்குமாகப் பூட்டிவிட்டால், அங்கே ஏழைக்கு வீடு எழும்பாது. மரத்தைக் காக்கும் பெயரில் மனிதனைத் தூரத்தில் நிறுத்தவும் முடியும்.

இன்னொரு அநியாயத்தையும் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்ட ஊர்களுக்கு ராஜ்ய சர்க்கார் தன் பங்காகவும் நிதி தருகிறது. அந்த நிதி பத்திரப் பதிவுக் கட்டணத்தின் மேல் வைத்த கூடுதலிலிருந்து வருகிறது. பத்திரத்துக்கு 20 டாலராக இருந்தது, 2019 கடைசியில் 50 டாலராக்கப்பட்டது. இந்தக் கட்டணத்தை ராஜ்யம் முழுவதும் எல்லா ஊர்க்காரர்களும் கட்டுகிறார்கள். நிதியோ சட்டத்தை ஏற்ற ஊர்களுக்கு மட்டுமே! முதல் சில ஆண்டுகள், ஊர் போடும் டாலருக்கு ஒரு டாலர் கிடைத்தது. அந்தக் கொழுத்த காலத்தில் முந்திக்கொண்டு வந்தவை பெரும்பாலும் வசதியான ஊர்கள். பாஸ்டன் நகரம் 2001ல் வாக்கெடுப்பில் மறுத்து, 2016ல்தான் ஒரு சதவிகிதத்துக்குச் சம்மதித்தது. மில் நகரமான லோவெல் 2019ல்தான் வந்தது. அதற்குள் சர்க்காரின் பங்கு டாலருக்குக் கால் டாலருக்கும் கீழே இறங்கியிருந்தது. 351 ஊர்களில் இன்று பாதிக்கு மேல் ஏற்றுவிட்டன. ஆனால் ஏழை ஊர்க்காரன் கட்டிய பதிவுக் கட்டணம் ஆண்டுக்கணக்கில் பணக்கார ஊரின் புல்வெளிக்குப் போனது போனதுதான்.

ஏழை ஊர்கள் ஏன் தயங்கின? 1980ல் சொத்துக்காரர்களின் கிளர்ச்சியால் அங்கே ஒரு வரம்பு வந்தது. ஊர்கள் வசூலிக்கும் சொத்து வரி ஆண்டுக்கு இரண்டரை சதவிகிதத்துக்கு மேல் உயரக்கூடாது. மீற வேண்டுமானால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்குமே திண்டாடும் ஊரில், மைதானத்துக்குத் தனி வரி என்றால் சாமானியன் பயப்படத்தானே செய்வான்?

பழைய சின்னங்களைக் காப்பது பற்றியும் ஒரு வார்த்தை. யாருடைய சின்னம்? லோவெலில் பழைய பஞ்சாலை ஒன்றை அருங்காட்சியகமாக்கி, தறிகளை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்தப் பெண்கள் தங்கிய விடுதியின் வரலாறும் அங்கே காட்சிக்கு இருக்கிறது. அதை மனமாரப் பாராட்டுகிறோம். இங்கே, 1918ல் சென்னைத் தொழிற்சங்கம் பிறக்கக் காரணமான பி அண்டு சி மில் 1996ல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். அவற்றை விலை கொடுத்து வாங்கக்கூடிய மில் தொழிலாளி யார்?

எனவே தோழர்கள் 'வரி' என்ற சொல்லைக் கேட்டதும் எதிர்க்கவும் வேண்டாம், 'வீடு', 'மைதானம்' என்ற சொற்களைக் கேட்டதும் மயங்கவும் வேண்டாம். யார் தலையில் விழுகிறது, எந்தக் கமிட்டி பங்கு போடுகிறது, அந்தக் கமிட்டியில் குடியிருப்பவனுக்கும் கூலிக்காரனுக்கும் நாற்காலி உண்டா என்று கேட்க வேண்டும். மாஸச்சூஸெட்ஸ் கமிட்டிகளில் வீட்டு வசதி வாரியத்துக்கும் பூங்காக் குழுவுக்கும் சட்டப்படி இடமுண்டு. வாடகைக்காரனுக்கென்று தனி இடம் இல்லை.

நமது ஊரிலிருந்தே தொடங்கலாம். நூலக வரியை வசூலித்துவிட்டு, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் முழுதாக ஒப்படைக்காமல் பாக்கி வைக்கும் ஸ்தல ஸ்தாபனங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் பலமுறை செய்தி வந்திருக்கிறது. புத்தகத்துக்கென்று வாங்கிய பணம் வேறு செலவுக்குக் கடனாகிறது. மே 1ந் தேதி கிராம சபை கூடும். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் அங்கே எழுந்து, நம் பஞ்சாயத்தில் நூலக வரி எவ்வளவு வசூலானது, எவ்வளவு ஒப்படைக்கப்பட்டது, பாக்கி எவ்வளவு என்ற மூன்று கணக்குகளையும் வாசிக்கச் சொல்ல வேண்டும். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்க வேண்டும். நகராட்சிப் பகுதியில் உள்ள மில் தொழிலாளர்கள் தங்கள் வார்டுக் கவுன்சிலர் மூலம் அதே கணக்கை மன்றத்தில் கேட்கலாம்.