'சரி, அப்புறம்?' - விஞ்ஞானிகள் ஏன் காமெடி கிளாஸுக்குப் போறாங்க?

கையில் ஸ்கிரிப்ட் கிடையாது. ஆடியன்ஸ் ஒரு வார்த்தையைத் தூக்கிப் போட்டால், அதை வைத்தே அங்கேயே சீன் பிடிக்கணும். அதுதான் இம்ப்ரோவ் காமெடி. ஒவ்வொரு வார்த்தையையும் அளந்து பேசுகிற விஞ்ஞானிக்கு இங்கே என்ன வேலை?

வேலை இருக்கிறது என்றவர், 'மேஷ்' டி.வி தொடரில் கலக்கிய அமெரிக்க நடிகர் ஆலன் ஆல்டா. 1993 முதல் 2005 வரை ஓர் அறிவியல் நிகழ்ச்சிக்காக விஞ்ஞானிகளைப் பேட்டி எடுத்தார். தன்னிடம் சகஜமாகப் பேசியவர்கள், கேமராவைப் பார்த்ததும் லெக்சர் மோடுக்குப் போவதைக் கவனித்தார். அவருடைய முயற்சியால் 2009-ல் நியூயார்க் மாகாணத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. அங்கே விஞ்ஞானிகளுக்கு இம்ப்ரோவ் பயிற்சி!

ஜோக் அடிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. உதாரணமாக, 'கண்ணாடி' விளையாட்டு. இருவர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் கையை அசைக்க, மற்றவர் அதே நொடியில் பிரதிபலிக்கணும். பின்தொடர முடியவில்லையா? தப்பு, வேகமாகப் போனவர் மேல்தான். 'நான் சொல்லிட்டேன், உனக்குத்தான் புரியலை' என்று இனி தப்பிக்க முடியாது.

ஆல்டாவுக்கு 11 வயதில் அப்படி ஓர் அனுபவம். 'தீச்சுடர்னா என்ன?' என்று கேட்டவருக்கு டீச்சர் சொன்ன பதில், 'ஆக்ஸிஜனேற்றம்'. அவ்வளவுதான். 2012-ல் அதே கேள்வியை விஞ்ஞானிகளுக்குப் போட்டியாக வைத்தார். நடுவர்கள், 11 வயதுப் பிள்ளைகள்!

ஆனால், இதில் ஒரு சிக்கல் இருக்கு. எதிரில் நடிப்பவர் என்ன சொன்னாலும் 'சரி, அப்புறம்?' என்று ஏற்றுக்கொள்வது இம்ப்ரோவ் விதி. ஆதாரம் இல்லாவிட்டால் 'இல்லை' என்பது அறிவியலின் விதி. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

ஏற்றுக்கொள்ள வேண்டியது ஆளை. தப்பான தகவலை இல்லை. கொரோனா காலத்தில் 'வெந்நீர் குடிச்சா வைரஸ் செத்துடும்' என்ற ஃபார்வர்டு வராத ஃபேமிலி குரூப் உண்டா? 'ஃபேக் நியூஸ் பெரியம்மா' என்று ஒரே வரியில் முடித்தால், அடுத்த ஃபார்வர்டு நாம் இல்லாத குரூப்புக்குப் போகும். 'எதை நினைச்சு பயமா இருக்கு பெரியம்மா?' என்று கேட்டுவிட்டு, 'வெந்நீர் தொண்டைக்கு இதமா இருக்கும், வைரஸைக் கொல்லாது' என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒப்புக்கொள்ளாமல் போகலாம். ஆனால் அடுத்த சந்தேகம் வரும்போது நம்மிடம் கேட்பார்.

அறிவியலுக்கு இப்போது தேவைப்படுவதும் அந்த 'அடுத்த கேள்வி'தான்.